அண்ணன் நினைவு நிதி: பணம் சேர்ந்துவிட்டது, அடுத்து என்ன?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய அண்ணன், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். தனக்கே சம்பளம் பற்றாத நிலையிலும் எம்.எஸ்சி. பிள்ளைகள் சிலருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர். போன வருடம் மாரடைப்பில், 44 வயதில் போய்விட்டார். மனைவியும் பத்து வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அம்மா, அப்பா இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

காரியத்துக்கு வந்த பழைய மாணவர்கள், "சார் பேர்ல ஏதாவது செய்யணும்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, இந்தத் தங்கையின் ஜிபே எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஐந்நூறும் ஆயிரமுமாக இதுவரை 3,40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எல்லாம் அவருடைய சம்பளக் கணக்கில் இருக்கிறது. இனி அவர் கேள்விகள்.

"பணம் என் கணக்கில் இருப்பது தப்பா? டிரஸ்ட் ஆரம்பித்து 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் அனுமதி) வாங்கினால்தான் பெரிய தொகை வரும் என்கிறார் சித்தப்பா, உண்மையா? அமெரிக்காவில் இருக்கும் இரண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு லட்சம் அனுப்புகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா? அண்ணன் பெயரில் வங்கியில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அப்பாதான் நாமினி. அண்ணியும் வாயால் சரி என்று சொல்லிவிட்டார். அதையும் நிதியில் சேர்க்கலாமா? உறவினர் ஒருவர் 50,000 தருகிறார், ஆனால் நம்ம ஆட்கள் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்கிறார்." கடைசியில் இரண்டு வரி: பேரணாம்பட்டைச் சேர்ந்த, பீடி சுற்றும் குடும்பத்து மாணவி ஒருத்தி எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிறாள். அவள் படத்தையும் கதையையும் குழுவில் போட்டால் பணம் நிறைய வரும் என்று சிலர் சொல்கிறார்களாம்.

சகோதரி, கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுக்காமல், ஆபத்து எங்கே அதிகமோ அங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்தப் பணம் உங்களுடையது அல்ல, ஆனால் உங்களுடையது போலத் தெரிகிறது

"டிரஸ்ட் எதுவும் பதிவு செய்யவில்லை, வெறும் நல்லெண்ணத்தில் வாங்கி வைத்திருக்கிறேன், அதனால் சட்டச் சிக்கல் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒரு பொது நோக்கத்தைச் சொல்லி ஊரில் பணம் வாங்கிவிட்டால், பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் அந்தப் பணத்தின் பொறுப்பாளர். பொது அறக்கொடை என்று ஆகிவிட்டால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதியோடு கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். உங்கள் மாணவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் குழுவில் 200 பேர் இருந்தால் அதில் ஒருவருக்காவது எப்போதாவது சந்தேகம் வரும்.

அடுத்தது வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், 50,000க்கு மேற்பட்ட பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். "இது எனக்கு வந்த அன்பளிப்பு அல்ல, மாணவர்களுக்காக என்னிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று நீங்கள் பதில் சொல்லலாம், சரியான பதிலும்கூட. ஆனால் அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவின் முதல் அறிவிப்பு, யார் எவ்வளவு எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்ற பட்டியல், ஒரு ரூபாயும் உங்கள் செலவுக்கு எடுக்கவில்லை என்று காட்டும் வங்கிக் கணக்கு விவரம், இந்த மூன்றும் வேண்டும்.

மூன்றாவதாக நீங்கள் எழுதியதுதான் என்னைப் பயமுறுத்தியது. உங்கள் வீட்டுக் கடன் தவணையும் அதே கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படுகிறது! ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் அண்ணன் பெயரில் வந்த பணத்தில் உங்கள் தவணை போய்விடும். யாரும் திருடவில்லை, ஆனால் கணக்கில் அது நீங்கள் எடுத்துக்கொண்டதாகத்தான் நிற்கும்.

அதனால் இந்த வாரமே ஒரு புதிய சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். நீங்கள், பழைய மாணவர் ஒருவர், அண்ணனோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் என மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்காக இருக்கட்டும். இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். அப்படிப்பட்ட கணக்கில் பொதுவாக ஜிபே வேலை செய்யாது, காசோலைதான். அது நல்லதற்குத்தான். "நினைவு நிதி" என்ற பெயரிலேயே கணக்கு வேண்டும் என்றால் வங்கி பத்திரமும் தனி பான் எண்ணும் கேட்கும். இப்போதைக்கு அது வேண்டாம். மூவரும் சேர்ந்து, பணம் எதற்காக, மீதமானால் எங்கே போகும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணுக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிடுங்கள்.

அண்ணனின் டெபாசிட்டைத் தொடாதீர்கள்

நாமினி என்றால் உரிமையாளர் என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் நாமினி. வாங்கிய பணத்தை அவர் சட்டப்படியான வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். அண்ணன் உயில் எழுதவில்லை என்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி அவருடைய முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், தாய். மூவருக்கும் சம பங்கு. உங்கள் அப்பா அந்த வகுப்பிலேயே வரமாட்டார், முதல் வகுப்பில் ஒருவர்கூட இல்லாவிட்டால்தான் அவர் முறை. தங்கையான நீங்கள் அவருக்கும் பின்னால். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் அப்பா நாமினி என்பதால் அந்த 2 லட்சத்தில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

"அண்ணி சரி என்று சொல்லிவிட்டார்" என்பதிலும் கவனம் வேண்டும். அவர் தன் பங்கைத் தரலாம், உங்கள் அம்மா தன் பங்கைத் தரலாம். பத்து வயதுப் பையனின் பங்கைத் தானமாகக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, பெற்ற தாய்க்கும்கூட இல்லை. அது அவன் படிப்புக்கு இருக்க வேண்டிய பணம். அதோடு, கணவன் போன துக்கத்தில், மாமனார் வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் சொல்லும் "சரி"யை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அந்த டெபாசிட் பற்றிய பேச்சை அண்ணியிடம் மறுபடி எடுக்காதீர்கள். அப்பா பணத்தை வாங்கினால், மூன்று வாரிசுகளுக்கும் பிரித்துச் சேர்த்து, ரசீது வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பையன் பங்கை அவன் பெயரிலேயே டெபாசிட் போடுங்கள்.

டிரஸ்டா, கல்லூரியிலேயே அறக்கட்டளையா, இல்லை செலவழித்து முடிப்பதா?

உங்கள் சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. 80ஜி வேண்டுமென்றால் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். அதற்கு டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரித்துறையில் தற்காலிகப் பதிவு, பிறகு வழக்கமான பதிவுக்கு மறுபடி விண்ணப்பம், வருடாவருடம் வரித் தாக்கல், நன்கொடையாளர் பட்டியலை இணையத்தில் ஏற்றிச் சான்று தருவது எல்லாம் உண்டு. ஆடிட்டர் கட்டணம் தனி. மூன்றரை லட்ச ரூபாய் நிதிக்கு இது வண்டியைவிடப் பாரம் அதிகம். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆனாலும் ஆடிட்டர்கள் உட்பட எல்லோர் வாயிலும் இன்னும் 80ஜிதான்.)

80ஜி இருந்தால்தான் பணம் வரும் என்பதும் இப்போது அவ்வளவு சரியல்ல. உங்கள் நன்கொடையாளர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது, அந்த முறைதான் இப்போது இயல்பாக எல்லோருக்கும் பொருந்தும் முறை. பழைய முறையில் இருப்பவர்களும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கேட்க முடியாது. ஐந்நூறு ரூபாய் அனுப்பிய மாணவன் வரிக் கழிவுக்காக அனுப்பவில்லை.

கல்லூரியிலேயே அறக்கட்டளை வைப்பது எளிது. ஒரு தொகையைக் கல்லூரியிடம் கொடுத்தால் அவர்கள் அதை டெபாசிட்டில் போட்டு, வட்டியில் வருடந்தோறும் அண்ணன் பெயரில் உதவித்தொகை தருவார்கள். அந்தக் காலத்து வட ஆர்க்காட்டில் இதற்கு நல்ல மரபு உண்டு. 1898இல் வேலூரில் தொடங்கிய ஊரிசு கல்லூரி, 1919இல் வாணியம்பாடியில் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி என நூறு வயது தாண்டிய கல்லூரிகள் இருக்கும் வட்டாரம் இது. எந்தப் பழைய கல்லூரியிலும் யாரோ ஒருவர் நினைவாக வைத்த பரிசு இருக்கும். அந்தப் பரிசுகளின் தொகையைக் கேட்டால்தான் சங்கடம். வைத்த காலத்தில் ஒரு மாணவனின் வருடச் செலவுக்கு வந்த வட்டி, இன்று ஒரு பேனா வாங்கக் காணும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 3,40,000 ரூபாய்க்கு 6.5 சதவீத வட்டி என்றால் வருடம் 22,100. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் பதினான்கு, பதினைந்து வருடத்தில் அந்த 22,100இன் மதிப்பு பாதியாகிவிடும். பெயர் என்றென்றும் இருக்கும், உதவி தேய்ந்துகொண்டே போகும்.

என் யோசனை வேறு. 1,50,000 ரூபாயைக் கல்லூரியில் அறக்கட்டளையாக வையுங்கள், வருடம் 9,750 ரூபாய் வட்டி வரும். மீதி 1,90,000 ரூபாயை ஐந்து வருடத்தில் செலவழித்துவிடுங்கள், வருடத்துக்கு 38,000. இரண்டும் சேர்ந்தால் அடுத்த ஐந்து வருடம் ஆண்டுக்கு 47,000 ரூபாய்க்கு மேல் பிள்ளைகளின் கைக்குப் போகும். ஐந்து வருடம் கழித்து மாணவர்களுக்கு விருப்பம் இருந்தால் மறுபடி சேர்க்கட்டும். நிதி அழியக்கூடாது என்ற எண்ணம் நம் மனதில் ஆழமாக இருக்கிறது. உங்கள் அண்ணன் அப்படிச் செய்யவில்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. அவர் எதையும் டெபாசிட்டில் போட்டு வட்டியைக் கொடுக்கவில்லை. கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்தபோது கையில் இருந்ததைக் கட்டினார்.

முதுகலைப் பிள்ளைகளுக்கு உண்மையில் இடிப்பது இந்தக் கடைசி நாள்தான். இளநிலையில் மாதம் 1,000 ரூபாய் கொடுத்த புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எம்.எஸ்சி.யில் சேர்ந்ததும் நின்றுவிடுகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் அது வந்து சேரும் நேரமும் தேர்வுக் கட்டணம் கட்டும் நேரமும் ஒன்றாக அமைவதில்லை. அதற்குள் ஆய்வுத் திட்டச் செலவு, ரசாயனம் வாங்குவது, பிரிண்ட், பைண்டிங் என்று வரும். அப்புறம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், செட் தேர்வு விண்ணப்பம். தொகை எல்லாம் சில ஆயிரங்கள்தான், அந்த வாரத்தில் கையில் இல்லை என்பதுதான் பிரச்சினை. ஆகவே உங்கள் நிதி நவம்பர், ஏப்ரல் பருவத் தேர்வுகளுக்கு ஒரு மாதம் முன்பு தயாராக இருக்க வேண்டும். ஆண்டு விழா மேடையில் மார்ச் மாதம் காசோலை கொடுப்பதில் பயன் குறைவு.

கல்லூரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். சுயநிதிப் பிரிவு முதுகலைப் படிப்புகள் சேர்க்கை குறைந்தால் மூடப்படுகின்றன. எம்.எஸ்சி. வேதியியல் மூடப்பட்டால் அந்த வட்டி எந்தத் துறைக்குப் போகும் என்று இப்போதே எழுதுங்கள். யார் தேர்வு செய்வார்கள், மாணவர் பெயர்ப் பட்டியலும் வட்டிக் கணக்கும் வருடம் ஒருமுறை யாருக்கு அனுப்பப்படும் என்பதும் அதில் இருக்கட்டும். மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். விடிகாலையில் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வரும் பையன் முதல் மதிப்பெண் எடுக்கமாட்டான்.

அமெரிக்காவிலிருந்து, அப்புறம் உறவினரிடமிருந்து

அந்த இரண்டு மாணவர்களிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாக இருந்து, வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ அங்கே இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 அதை வெளிநாட்டுப் பணமாகப் பார்ப்பதில்லை. வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டவர் என்றால் நிலைமை வேறு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இந்த மாதிரிக் கல்வி நிதிக்கு அவர் பணத்தை வாங்குவது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். "குடும்பத்தார் மூலம் கொடுத்து அனுப்புகிறேன்" என்றாலும் வேண்டாம். கல்லூரிக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அவர் நேராகக் கல்லூரியின் அந்தக் கணக்குக்கே அனுப்பட்டும்.

உறவினரின் 50,000 ரூபாயைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒருவர் தன் சொந்தப் பணத்தைக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட சாதி அல்லது மதத்தாருக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்கு 80ஜி கிடைக்காது. பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கான உதவிக்கு மட்டும் விலக்கு உண்டு. இதைவிட முக்கியமானது, ஏற்கெனவே பணம் அனுப்பியவர்களிடம் நீங்கள் அப்படி எந்த நிபந்தனையும் சொல்லவில்லை. இப்போது புதிதாகச் சேர்த்தால் அவர்கள் பணத்தின் நோக்கத்தையே மாற்றுவதாகும். அந்த உரிமை உங்களுக்கு இல்லை. உறவினரிடம் வேறு வழி சொல்லிப் பாருங்கள்: கைத்தறி, பீடி, தோல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் அவர் மனதில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குள் வந்துவிடுவார்கள். ஒத்துக்கொள்ளவில்லையா, நன்றி சொல்லி, அந்தப் பணத்தை அவரே நேரடியாகக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். 50,000 ரூபாய்க்காகக் குழுவை உடைக்க வேண்டாம்.

பேரணாம்பட்டு மாணவி

படம் போடுவது, கதை எழுதுவது இரண்டுமே வேண்டாம். அவள் சம்மதித்தாலும் வேண்டாம். கட்டணத்துக்கு வழி இல்லாதபோது யார் கேட்டாலும் சம்மதம்தான் சொல்வாள். நாளை அவள் அதே கல்லூரியில் ஆசிரியராக வரலாம், அல்லது அவளுக்கு வரன் பார்க்கலாம். குழுவில் இருக்கும் 200 பேரின் கைபேசியில் அந்தப் படம் அழியாமல் கிடக்கும். "இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது, ரசீது மூன்று பொறுப்பாளர்களிடம் இருக்கிறது" என்று எழுதினால் போதும்.

அவளுடைய அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மத்திய தொழிலாளர் நலத்துறை பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறாளா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே சமயத்தில் இரண்டு வாங்க விதி இடம் கொடுக்காது. இந்த ஆண்டுக்கான நாள் முடிந்திருந்தால் அடுத்த முறைக்கு வருமானச் சான்றிதழை எடுத்து வைக்கட்டும். அவள் இளநிலை படித்த கல்லூரியில் பாக்கிக் கட்டணத்துக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்கள் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாக அறிவித்திருக்கிறது. முதலில் முதல்வருக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம், நகலுக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளட்டும். பதில் வராவிட்டால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. அதற்கு நான் வரைவு எழுதித் தருகிறேன், நிதியிலிருந்து வக்கீல் கட்டணம் எதுவும் வேண்டாம்.

கட்டணத்துக்குப் புதிய கணக்கு திறக்கும்வரை காத்திருக்க முடியாது என்றால், உங்கள் கணக்கிலிருந்தே கட்டலாம், தப்பில்லை. அவள் கையில் கொடுக்காமல் கல்லூரியின் கட்டணக் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். அவளுடைய பதிவு எண் போட்ட ரசீதை வாங்கி, நாளை மூவரும் கையெழுத்துப் போடப்போகும் அந்த ஒரு பக்கத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துவிடுங்கள். உங்கள் நிதியின் முதல் செலவுக் கணக்கு அதுவாக இருக்கட்டும்.